குறை என்றால் எழுத்தில், நிறை என்றால் வாய்வார்த்தையில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெயர் போடாமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 என்று ஒன்று இருக்கிறது, பத்திரிகைக்கு எழுதுவது பற்றி அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், என் மேலதிகாரிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு மாவட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன், அது போதும்.

சம்பளக் கமிஷன், அகவிலைப்படி, ஓய்வூதியம் பற்றியெல்லாம் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். ஒரே அறையில், ஒரே ஃபேனுக்குக் கீழே வருஷக்கணக்காக உட்கார்ந்து வேலை பார்க்கிற நாங்கள் ஒருவரை ஒருவர் எப்படி நடத்துகிறோம் என்பதைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை.

எங்கள் அலுவலகங்களில் ஒருவர் தப்பு செய்தால் அது எவ்வளவு ஒழுங்காகப் பதிவாகிறது என்று பாருங்கள். முதலில் விளக்கம் கேட்டு மெமோ. அதற்கு ந.க. என்கிற கோப்பு எண், தேதி, வாங்கிக்கொண்டதற்கு ஒப்புதல் கையெழுத்து எல்லாம் உண்டு. விளக்கம் திருப்தி இல்லை என்றால் ஒழுங்கு நடவடிக்கை விதி 17(அ), அது சின்னத் தண்டனைக்கு. விஷயம் பெரிது என்றால் 17(ஆ), அது பெரிய தண்டனைக்கு. அரசு வேலையில் இருக்கிற யாரிடமும் இந்த இரண்டு எண்களைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். ஒரு ஊதிய உயர்வு நின்றால் அது பணிப்பதிவேட்டில் ஏறும், பத்து வருஷம் கழித்துப் பதவி உயர்வுப் பட்டியல் போடும்போதும் யாராவது ஒருவர் அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார்.

சரி, நல்லது செய்தால்? "பரவாயில்லையே" என்று ஒரு வார்த்தை, அதுவும் அதிகாரி அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தால்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். உயர்நீதிமன்றத்தில் ஒரு நில வழக்கு, எதிர்வாதுரை தாக்கல் செய்ய நாள் நெருங்கிவிட்டது, எண்பதுகளில் முடித்துக் கட்டி வைத்த ஒரு கோப்பு வேண்டும். பிரிவில் ஆளாளுக்கு 'அது அப்பவே அழிக்கப்பட்டிருக்கும்' என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பதிவறை எழுத்தர் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் தூசியோடு அந்தக் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எந்த வருஷத்துக் கட்டு எந்த அடுக்கில் என்று அவருக்கு மனப்பாடம், ஏனென்றால் பழைய கட்டடத்திலிருந்து மாறி வந்தபோது அத்தனையையும் தானே தூக்கிக் கொண்டுவந்து அடுக்கியவர் அவர். வழக்கு நல்லபடி முடிந்தது. அரசு வழக்கறிஞர் அதிகாரியைப் பாராட்டினார், அதிகாரி பிரிவு எழுத்தரைப் பாராட்டினார், அதோடு நின்றுவிட்டது. பதிவறை வரைக்கும் அது போகவே இல்லை. அந்த மனிதருக்கு இருமல் வேறு, தூசியால் வந்தது. ஒரு முகக்கவசம் வாங்கிக் கொடுக்கக்கூட அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் மாவட்ட ஆட்சியர் கையால் நற்சான்றிதழ் கொடுக்கிறார்களே என்று கேட்பீர்கள். கொடுக்கிறார்கள், நல்ல விஷயம்தான். ஆயுதப்படை மைதானத்தில் வெயிலில் நின்று வாங்கி வீட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களுடைய பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெருமை என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்பது உள்ளே இருப்பவர்களுக்குப் புரியும். போன வருஷம் இந்தப் பிரிவுக்குக் கொடுத்தாயிற்று, இந்த வருஷம் அந்தப் பிரிவுக்கு என்று முறை வைத்துப் போவதும் உண்டு. 'சிறப்பாகப் பணியாற்றியமைக்காக' என்று அச்சடித்த வரி எல்லாருக்கும் ஒன்றுதான். என்ன சிறப்பு என்று அந்தத் தாளில் எங்கேயும் இருக்காது.

பாராட்டு என்றால் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும், என் வாதம் அவ்வளவுதான். "நல்லா வேலை பாக்குறீங்க" என்று சொன்னால் கேட்கிறவருக்கு ஒன்றும் ஒட்டாது. "நீங்க அந்த தணிக்கைத் தடைக்குப் பதில் எழுதினப்போ பழைய செலவுச்சீட்டு நகலையும் சேர்த்து வெச்சீங்க பாருங்க, அதனாலதான் ஆட்சேபணையைக் கைவிட்டாங்க" என்று சொன்னால் அது வேறு. அப்படிச் சொல்வதற்குப் பக்கத்து மேசைக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று நாம் கவனித்திருக்க வேண்டும். அங்கேதான் இடிக்கிறது.

இன்னொரு சிக்கல் நம்மிடம் இருக்கிறது. மேலே போகிற பாராட்டுக்கு நம் அலுவலகங்களில் பஞ்சமே இல்லை. புது அதிகாரி பொறுப்பேற்ற அன்றைக்குப் பூங்கொத்து, சால்வை, வரிசை கட்டி நின்று ஒரு போட்டோ, அவர் சொல்கிற சுமாரான ஜோக்குக்குச் சிரிப்பு. ஐஸ் வைப்பது, சோப்பு போடுவது, ஜால்ரா தட்டுவது, காக்கா பிடிப்பது என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து, யாராவது யாரையாவது நிஜமாகப் பாராட்டினால்கூட 'இவனுக்கு என்ன வேணுமாம்?' என்று யோசிக்கிற அளவுக்கு வந்துவிட்டோம். அதனால் கூச்சம் உள்ளவர்கள், நல்ல மனசுக்காரர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். சக ஊழியரிடம் சொல்ல வேண்டிய வார்த்தையை அவர் இல்லாதபோது மூன்றாவது ஆளிடம் சொல்கிறார்கள், அது அவர் காதுக்குப் போய்ச் சேருவதே இல்லை.

இத்தனை வருஷமும் சேர்த்து வைத்ததை எல்லாம் கடைசி நாளில் கொட்டுவோம். பணி நிறைவுப் பாராட்டு விழா. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 58 ஆக இருந்து 2020இல் 59 ஆகி, 2021இல் 60 ஆனது. ஆக, அறுபது வயது முடிகிற மாதத்தின் கடைசி நாள் சாயங்காலம் மைக், மாலை, பொன்னாடை, சங்கம் சார்பில் ஒரு மோதிரம், வீட்டம்மாவை மேடைக்குக் கூப்பிட்டு "நீங்களும் நாலு வார்த்தை" என்று கட்டாயப்படுத்துவது, அப்புறம் சாப்பாடு, சாப்பாடு முடிந்ததும் இரண்டு மூன்று வண்டியில் கூடவே போய் அவரை வீட்டு வாசல் வரை விட்டுவிட்டு வருவது. இந்த வீட்டில் கொண்டுபோய் விடுகிற பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும், அதை யாரும் நிறுத்திவிடக் கூடாது.

பேச்சுகளைத்தான் சொல்ல வந்தேன். "இவர் லீவு போட்டால் எங்கள் பிரிவே ஸ்தம்பித்துவிடும்" என்று ஒருவர். "வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குக் குறிப்பு எழுதச் சொல்லிக்கொடுத்தது இவர்தான்" என்று இன்னொருவர். மாலை கழுத்தை உறுத்த, ஓய்வு பெறுகிறவர் திருதிருவென்று உட்கார்ந்திருப்பார். இதில் பாதி விஷயம் அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால், பிள்ளையின் படிப்புக்கடன், சர்க்கரை, இடமாற்றம் என்று அவர் நொந்துபோய் இருந்த காலத்தில் இதில் ஒரு வரியை யாராவது சொல்லியிருக்கலாம். ஒருகாலத்தில் 17(ஆ) நிலுவையில் இருக்கிறது என்று ஓய்வு பெறும் நாளன்றே பணியிடை நீக்க ஆணையை நீட்டுவதும் நடந்திருக்கிறது என்பதால், மாலை போட்டு அனுப்புகிறார்களே என்பதே பெரிது என்று நினைக்கிறவர்களும் எங்களில் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதெல்லாம் நிரந்தரப் பணியாளர்களுக்கு. அவுட்சோர்சிங் மூலம் வந்த கணினி இயக்குபவர், தொகுப்பூதியத்தில் இருக்கிறவர், அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கிற அம்மா, இவர்களுக்கு மாதக் கடைசியும் கிடையாது, மைக்கும் கிடையாது. ஒருநாள் வருவார்கள், மறுநாள் ஏஜென்சி மாறிவிட்டது என்று வேறு ஆள் வருவார். பொங்கலுக்கு அரசு கொடுக்கிற மிகை ஊதியத்திலேயே, அதாவது போனஸிலேயே, கீழ்நிலைப் பணிகளான சி, டி பிரிவுக்கு 3,000 ரூபாய், தொகுப்பூதியத்தில் இருப்பவர்களுக்கு 1,000 ரூபாய் என்றுதான் பல வருஷமாக ஆணை வருகிறது, ஏஜென்சி ஆட்கள் அந்த ஆணைக்குள்ளேயே வருவதில்லை. அந்தக் கணக்கை மாற்றுவது என் கையில் இல்லை. ஆனால் என் கையிலும் உங்கள் கையிலும் இருக்கிற சில விஷயங்கள் உண்டு.

ஒன்று, டீ. பதினொரு மணிக்கு டீ வரும்போது எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸில் வரும், துப்புரவுப் பணியாளருக்கு மட்டும் பேப்பர் கப். கேட்டால் "அவங்களே அப்படித்தான் கேட்டாங்க", "சுகாதாரம் சார்" என்று ஏதாவது பதில் வரும். சுகாதாரம் என்றால் அதிகாரிக்கும் பேப்பர் கப்பில் கொடுக்கட்டுமே. இது எதன் மிச்சம் என்று நம் எல்லாருக்கும் தெரியும், தெரிந்துகொண்டே டீயைக் குடிக்கிறோம். சக ஊழியர் மேல் அக்கறை என்று மேடையில் எவ்வளவு பேசினாலும் அந்தத் தட்டு வருகிற நேரத்தில் நம் அலுவலகத்தின் யோக்கியதை தெரிந்துவிடும். நான் இருக்கிற இடத்தில் இப்போது எல்லாருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர். இதற்கு அரசாணை எதுவும் வரவில்லை, டம்ளர் வாங்க ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டோம், ஒருவர் மட்டும் போடவில்லை. அவர் வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் கொண்டுவருகிறார், இருக்கட்டும்.

அடுத்தது கூப்பிடுகிற விதம். தேர்வு எழுதி நேரடியாக வந்த இருபத்தாறு வயதுப் பையன், ஐம்பத்தைந்து வயது அலுவலக உதவியாளரைப் பெயர் சொல்லி "ஏம்ப்பா, அந்த ஃபைல எடு" என்கிறான். அதே பையன் என்னை "மேடம்" என்பான், எனக்கும் அந்த உதவியாளருக்கும் வயதில் ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை. அண்ணே என்றோ, ஐயா என்றோ, அக்கா என்றோ கூப்பிடுவதற்குப் பட்ஜெட் ஒதுக்கீடு தேவையில்லை. ஒன்றும் வேண்டாம், 'சார்' என்பதை எல்லாருக்கும் பொதுவாக வைத்துவிட்டுப் போங்களேன், எங்கள் பக்கம் பஸ் கண்டக்டர் முதல் காய்கறிக்காரர் வரை எல்லாரும் எல்லாருக்கும் சார்தானே.

நான் அரசு அலுவலகத்தைப் பற்றியே பேசுகிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான். ஆனால் வெளியிலும் நிலைமை அப்படியொன்றும் மாறிவிடவில்லை. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கிற பெண்களுக்காக 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை இருக்க வேண்டும் என்று. கேரளாவில் இதற்கு முன்பே, 2018இல், அங்கே கடைப் பெண்கள் போராடியதன் பின்னால் வந்துவிட்டது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது கவனித்துப் பாருங்கள். பல கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, அதன் மேல் துணி மூட்டை இருக்கிறது. உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைப்பார் என்ற பயம் ஒரு பக்கம், 'அவ மட்டும் உக்காந்திருக்கா பாரு' என்று பக்கத்தில் நிற்பவரே சொல்லிவிடுவார் என்ற பயம் இன்னொரு பக்கம். முதலாவதைச் சட்டம் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு, "நீ போய்ப் பத்து நிமிஷம் உக்காரு, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்கிற ஒரு தோழி வேண்டும். அப்படிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் இல்லாமல் அந்த வேலையை யாராலும் வருஷக்கணக்கில் பார்க்க முடியாது.

ஐ.டி. கம்பெனிகளில் மார்ச் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை ஊழியர் பாராட்டு தினமாம். 1995இல் பாப் நெல்சன் என்ற அமெரிக்கர் ஆரம்பித்து வைத்தது. என் மகள் சொல்வாள், அன்றைக்கு கேக், பெயர் அச்சடித்த காபி மக், மேலிடத்திலிருந்து எல்லாருக்கும் ஒரே மெயில், அப்புறம் வழக்கம்போல ராத்திரி பதினொரு மணிக்கு கால். 2024இல் புனேயில் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே இறந்துபோன இளம் பெண் கணக்காளரைப் பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அந்தப் பெண்ணின் அம்மா, நிறுவனத்தின் தலைமைக்கு எழுதிய கடிதத்தில் வேலைப்பளுவைச் சொன்னதோடு, மகளின் இறுதிச் சடங்குக்கு அலுவலகத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்றும் எழுதியிருந்தார். எனக்கு அதைப் படித்ததிலிருந்து வேலைப்பளுவை விட அந்த வரிதான் மறக்கவில்லை.

ஏனென்றால் எங்கள் பக்கம் சாவுக்குப் போவதில் குறை வைக்க மாட்டோம். விஷயம் தெரிந்த அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்புகிற படம் வரிசையாக விழும், மாலையோடு வண்டி கிளம்பும், தெருமுனையில் சங்கத்தின் பெயரில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் நிற்கும். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் ஆட்கள் போவார்கள். அதற்கு அப்புறம்தான் அந்த வீட்டுக்கு நாம் தேவைப்படுகிறோம், அப்போதுதான் யாரும் இருக்க மாட்டோம்.

பணியில் இருக்கும்போதே ஒருவர் இறந்துபோனால் அந்தக் குடும்பம் எத்தனை காகிதம் சேர்க்க வேண்டும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இறப்புச் சான்றிதழ், அப்புறம் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ், அதில் மாமியார் பெயர் சேர்க்க வேண்டுமா என்று ஒரு சண்டை, குடும்பப் பாதுகாப்பு நிதி 5 லட்சம் ரூபாய்க்கு ஒரு விண்ணப்பம், சேமிப்பில் இருக்கிற ஈட்டிய விடுப்பைக் காசாக்குவதற்கு ஒன்று, வருங்கால வைப்பு நிதிக்கு ஒன்று. ஓய்வூதியக் கருத்துரு என்றால் பணிப்பதிவேட்டில் முதல் பக்கத்திலிருந்து எல்லாச் சரிபார்ப்புக் கையெழுத்தும் இருக்க வேண்டும், இல்லையென்றால் தேனாம்பேட்டையில் இருக்கிற மாநிலக் கணக்காயர் அலுவலகத்திலிருந்து திரும்பி வரும். 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர் என்றால் பழைய ஓய்வூதியம் கிடையாது, அதற்கு வேறு வழி. கருணை அடிப்படையில் வேலை கேட்பதென்றால் இறந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் மனு கொடுத்தாக வேண்டும். இதில் எதுவும் தெரியாத ஒரு பெண், துக்கத்தோடு, சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, புருஷன் வேலை பார்த்த அதே அலுவலகத்தின் வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உள்ளே இருந்து ஒருவர் தலையை நீட்டி "வாரிசு சர்டிபிகேட் நகல் அட்டெஸ்ட் பண்ணலியே, அடுத்த வாரம் வாங்கம்மா" என்பார். போன மாதம் அவர்தான் முதல் ஆளாக மாலை போட்டிருப்பார். கெட்டவர் இல்லை அவர். அது தன் வேலை என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இதைச் சரியாகச் செய்கிற ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், சங்கத்துக்காரர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். யாராவது இறந்தால் காரியம் முடிந்த மறுவாரம் எல்லாப் படிவத்தையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு சைக்கிளில் அந்த வீட்டுக்குப் போய்விடுவார். அந்தம்மாவை எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே பென்சிலால் புள்ளி வைத்துக் காட்டிப் போடச் சொல்வார், மீதியை எல்லாம் அவரே எழுதிக்கொள்வார். பணம் வங்கிக் கணக்கில் ஏறுகிற வரைக்கும் கருவூலத்தில் போய் நிற்பதும் அவர்தான். அவருக்கு எந்தக் குடியரசு தினத்திலும் சான்றிதழ் வந்ததாக எனக்கு நினைவில்லை.

இரண்டு யோசனை சொல்லி முடித்துக்கொள்கிறேன். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் நிலுவைப் பட்டியல் வாசிப்பதற்கு முன்னால், அந்த மாதம் யார் என்ன நல்ல வேலை செய்தார் என்று ஒன்றிரண்டு வரி, பெயரோடும் விஷயத்தோடும், கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் எழுதட்டும். பதிவறை, ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர், ஏஜென்சி ஆள் என்று எல்லாரும் அதில் வரலாம், பேச்சில் கரைந்துபோகாமல் எழுத்தில் நிற்க வேண்டும். நிரந்தரப் பணியாளர் என்றால் அந்தக் குறிப்பின் நகல் பணிப்பதிவேட்டோடு போகட்டும், மெமோவுக்குக் கிடைக்கிற இடம் இதற்கும் கிடைக்கட்டும். இது ஒன்று.

இன்னொன்று சங்கங்களுக்கு. எங்கள் மாவட்டத்திலேயே எத்தனை சங்கம் இருக்கிறது, நாட்காட்டி அடிக்கிறோம், மாநாட்டுக்கு வேன் பிடிக்கிறோம். ஒவ்வொரு கிளையிலும் ஒரே ஒருவரை, இறந்த ஊழியரின் குடும்பத்துக்குக் காகித வேலை பார்த்துக் கொடுப்பவர் என்று பெயர் போட்டு அறிவிக்கலாம். அவருடைய போன் நம்பரை அந்தக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸின் கீழேயே அச்சடித்துவிட்டால் அந்த வீட்டுக்காரர்களுக்கு யாரைக் கேட்பது என்ற குழப்பம் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு கண்காணிப்பாளர்,
திருச்சி மாவட்டம்.